பங்கா இழுக்கத் தகுதியான ஆள்

அந்த வருஷம் உத்திரமேரூர் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கழனியில் கால் வைக்க வேலை இல்லை. கூலிக்காரர்கள் விடிந்தால் எழுந்து, வெயில் ஏறினால் மறுபடியும் படுத்துக்கொண்டார்கள். இதைப் பட்டணத்தில் உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. மழை இல்லை, அதனால் வேலை இல்லை என்று நம்மைப் போன்றவர்கள் அவசரப்பட்டு முடிவு கட்டியிருப்போம். அவர்கள் அப்படி ஏமாறவில்லை. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வேலை தேடத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்தபின் சும்மா இருப்பார்களா? தாலுகா கச்சேரி வேறிடத்துக்கு மாறிப்போனதால் காலியாகக் கிடந்த கட்டடத்துக்கு வெள்ளையடித்து, ‘உத்தியோக நெறிப்பாட்டு நிலையம்’ என்று பலகை மாட்டினார்கள். வேதாசலம் என்ற அதிகாரியையும் தணிகைவேல் என்ற தலைமைக் குமாஸ்தாவையும் அனுப்பிவைத்தார்கள். வேலை கொடுப்பது அந்த நிலையத்தின் வேலை அல்ல. வேலையை எப்படித் தேடுவது என்று தொழிலாளிக்கும், ஆளை எப்படிப் பொறுக்குவது என்று முதலாளிக்கும் புத்தி சொல்வதுதான் அதன் வேலை. அரிசியைப் போலப் புத்தியைப் பட்டணத்திலிருந்து மூட்டை கட்டி அனுப்ப வேண்டியதில்லை என்பதால், சர்க்காருக்கும் இது கட்டுப்படியாயிற்று.

கட்டடத்தோடு சேர்ந்து ஒரு பழைய பங்காவும் வந்தது. கரண்டுக் கம்பம் கடைத்தெருவோடு நின்றுவிட்ட காலம் அது. கூடத்தின் உத்தரத்திலிருந்து நீளமான மரச்சட்டம் தொங்கும். அதில் முரட்டுத் துணி ஜாலர் கட்டியிருக்கும். அதிலிருந்து புறப்படும் கயிறு சுவரிலுள்ள ஓட்டை வழியாக வெளித் தாழ்வாரத்துக்கு வரும். அங்கே ஒருவன் உட்கார்ந்து கயிற்றை இழுத்து இழுத்து விட்டால் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வரும். இழுக்கிறவனுக்கு வராது. அந்த ஒருவன் சின்னப்பையன்.

பேர்தான் சின்னப்பையன். மீசை நரைத்துவிட்டது. சித்திரை பிறந்தால் கச்சேரியில் பங்கா இழுக்க வந்துவிடுவான். ஆடியில் மழை விழுந்தால் கழனிக்குப் போய்விடுவான். இடையில் உள்ள கோடைக்கு அந்தச் சம்பளம்தான் கஞ்சி, அவனுக்கும் மனைவி மேரிக்கும் இரண்டு பெண்களுக்கும். அது இல்லையென்றால் திருப்புலிவனத்து மிராசுதார் வீராசாமியின் வீட்டில் பண்ணையாளாகப் போய் நிற்க வேண்டும். வீராசாமிக்கு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. கையில் கிடைத்ததை வீசுவார். யார் மேல் விழுகிறதோ அவன் வர வேண்டும். சின்னப்பையன் தன் வாலிபத்தை அந்த வாசலில்தான் கழித்திருந்தான். “பட்னியா கெடந்தாலும் கெடப்போம், அந்த வாசல்ல மட்டும் போயி நிக்காதே” என்று மேரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஆகவே சித்திரை பிறந்ததும் வழக்கம்போல வந்து, தூசி தட்டி, கயிற்றில் முடிச்சுப் பார்த்து, சுவரோரம் மல்லாந்து படுத்து, கால் கட்டைவிரலில் கயிற்றை மாட்டிக்கொண்டு காலை ஆட்ட ஆரம்பித்தான். உள்ளே புதிதாக வந்து உட்கார்ந்திருந்த வேதாசலத்தின் தலைமுடி அசைந்தது. அவர் கண்ணை மூடிச் சற்று நேரம் காற்று வாங்கினார். பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தார்.

“யார் நீ?”

“சின்னப்பையன்ங்க. பங்கா இஸ்க்கறவன்.”

“உன்னை நியமித்தது யார்?”

சின்னப்பையன் யோசித்துப் பார்த்தான். அப்படி யாரும் நினைவுக்கு வரவில்லை. “வெயில் வந்தா நான் வந்துடுவேங்க” என்றான்.

வேதாசலம் காஞ்சிபுரத்துப் பட்டு ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் தறிக்கு ஆள் வைப்பது எப்படி என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், பட்டணத்தில் ஆறு மாதம் வகுப்பில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவர். அவர் தணிகைவேலைத் திரும்பிப் பார்த்தார்.

“கேட்டீர்களா? வெயில் வந்தால் வந்துவிடுவானாம். இதுதான் இந்தத் தேசத்தைப் பிடித்த வியாதி. விளம்பரம் இல்லை, மனு இல்லை, நேர்காணல் இல்லை. வருகிறான், படுக்கிறான், இழுக்கிறான். ஜில்லாவில் உள்ள முதலாளிகளுக்கெல்லாம் வழிகாட்ட வந்த நாம் நம் வாசலில் இதை அனுமதித்தால் ஊர் சிரிக்காதா? இந்தப் பங்கா வேலைக்கு விஞ்ஞான முறைப்படி ஆள் எடுத்துக் காட்டப் போகிறோம்.”

“அப்டின்னா நான் வூட்டுக்குப் போவட்டுங்களா?” என்றான் சின்னப்பையன்.

வேதாசலத்தின் நெற்றியில் அதற்குள் வேர்வை துளிர்த்திருந்தது. “போக வேண்டாம். ஆள் எடுக்கும்வரை நீ செய்வது கௌரவ ஊழியம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தணிகைவேல் அதை மொழிபெயர்த்தார். “இஸ்க்கறத இஸ்துக்கினே இருடா. சம்பளம் மட்டும் ஆள் எடுத்தப்புறம். நீயும் மனு போடு. உனக்கில்லாம யாருக்குக் கெடைக்கப் போவுது?”

சின்னப்பையனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது. கயிற்றை மாட்டிக்கொண்டான்.

நிலையத்தின் திறப்பு விழாவில் வேதாசலம் ஒரு பிரசங்கம் செய்தார். தாழ்வாரத்தில் படுத்தபடி, சுவர் ஓட்டை வழியாகச் சின்னப்பையன் அதை முழுதும் கேட்டான். கேட்காமல் இருக்க வழி இல்லை; பிரசங்கத்துக்குக் காற்று வேண்டியிருந்தது.

“வேலை இல்லை, வேலை இல்லை என்கிறார்கள். நான் சொல்கிறேன், அது பிரமை. வேலை எங்கும் நிறைந்திருக்கிறது, கடவுளைப் போல. தேடத் தெரிந்தவனுக்குத் தென்படும். உங்கள் ஊர்க் கோயில் சுவரைப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், சபைக்கு ஆள் எடுக்க என்ன தகுதி வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் அதைப் படித்தேன். நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், படிப்பு வேண்டும். அதைவிட விரிவாக, யார் யாரைச் சேர்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். அதுதான் முக்கியம். ஆள் எடுப்பது என்றால் என்ன? வேண்டாதவனைத் தள்ளுவது. தள்ளத் தள்ளத்தான் தரம் உயரும். எல்லோரையும் தள்ளிவிட்டால் தரம் உச்சத்தில் நிற்கும்.”

கூட்டம் கை தட்டியது. சின்னப்பையன் தட்டவில்லை. கை தட்டினால் கால் நின்றுவிடும்; நின்றால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறுவாரம் வேலை தேடுவோருக்கான வகுப்பு தொடங்கியது. வகுப்பில் பெயர் பதியாதவர் மனுப் போட முடியாது என்று விதி. கூடத்தில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் எல்லப்பன். பத்தாவது தேறிவிட்டு, வீட்டுத் தறியில் பாவு நூல் இல்லாததால் சும்மா சுற்றிக்கொண்டிருந்த இளைஞன். சின்னப்பையன் வெளியே தாழ்வாரத்தில் இருந்தபடி பாடம் கேட்டான். தணிகைவேல் பெயர் கூப்பிட்டு, சின்னப்பையனுக்கு ‘வரவில்லை’ என்று போட்டார்.

“இங்கதாங்க கீறேன்” என்று ஓட்டை வழியாகக் குரல் கொடுத்தான் சின்னப்பையன்.

“வகுப்புன்னா உள்ள. நீ வெளிய கீறே.”

“உள்ள வந்தா பங்கா நின்னுடுங்களே.”

“அது உன் பாடு” என்றார் தணிகைவேல். அவர் இலாகாவில் நெடுங்காலம் இருந்தவர். எந்தச் சங்கடத்தையும் அதற்கு உரியவனிடம் ஒப்படைத்துவிடுவார்.

பாடம் என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. நேர்காணலுக்குச் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும். வாசலில் நின்று உத்தரவு கேட்டுவிட்டு நுழைய வேண்டும். கேட்டாலொழிய உட்காரக் கூடாது. கேட்டாலும் முழுதும் உட்காரக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு வேதாசலம் சுவரின் பக்கம் திரும்பினார்.

“சின்னப்பையா, உனக்கு இந்த வேலை எதற்கு?”

“வவுத்துக்குத்தாங்க.”

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். வேதாசலம் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டார். “பசி என்று எந்தக் காரணத்தைக் கொண்டும் சொல்லக் கூடாது. பசி என்கிற சொல் முதலாளியின் காதுக்கு நாராசம். பசித்தவன் அவசரக்காரன், அவசரக்காரனை நம்பக் கூடாது. ‘இந்த நிலையத்தின் வளர்ச்சிக்கு உழைக்க வேண்டும் என்பது என் லட்சியம்’ என்று சொல்ல வேண்டும். சரி, முந்தின வருஷம் இந்த வேலையை ஏன் விட்டாய்?”

“மழை வந்திச்சுங்க.”

“மழையின் மேல் பழி போடாதே. போகட்டும். சர்க்காருக்கே ஐந்தாண்டுத் திட்டம் இருக்கிறது. உன் திட்டம் என்ன?”

சின்னப்பையன் காலை ஆட்டிக்கொண்டே நேர்மையாக யோசித்தான். “ஆடி வரிக்கும் ஓட்டிடணுங்க.”

வேதாசலம் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சையும் பங்காதான் ஆற்றிக் கொடுத்தது.

வீட்டுக்குப் போனதும் மேரி பாடத்தைக் கேட்பாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் ஒரு தரம் காதில் விழுந்தது போகாது. அடுப்பங்கரையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளே அதிகாரியாக உட்காருவாள். “இன்னாத்துக்கு வேலை வோணும்?” என்பாள். சின்னப்பையன் வாய் தவறி “வவுறு” என்று ஆரம்பிப்பான். “மறுபடியும் பாரு. லட்சியம்னு சொல்லு.” “லட்சியம்.” “முன்னாடி வெச்சிருந்த வேலைய ஏன் வுட்டே?” இப்படியே போகும். கஞ்சிப் பானையில் தண்ணீர் ஏறிக்கொண்டே போக, மேரியின் கேள்விகளும் ஏறிக்கொண்டே போயின. வைகாசி வருவதற்குள் அவள் வேதாசலத்தைவிட நன்றாகக் கேட்கப் பழகிவிட்டாள்.

முதலாளிகளுக்கும் ஒரு நாள் ஒதுக்கினார்கள். திருப்புலிவனத்திலிருந்து வீராசாமி வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பங்காவின் நேர்கீழே உட்கார்ந்து, ‘ஆள் எடுக்கும் கலை’ என்ற பிரசங்கத்தில் பாதியைத் தூங்கியபடி கேட்டார்.

“நடவுக்கு ஆள் வேண்டுமென்றால், நடவு என்றால் என்ன வேலை, என்னென்ன பொறுப்பு என்று விவரமாக எழுதி விளம்பரப்படுத்த வேண்டும். வருகிறவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசி, அவர்களுடைய சுபாவம் அறிந்து...” என்று வேதாசலம் சொல்லிக்கொண்டு போனார்.

வீராசாமி விழித்துக்கொண்டார். “சுபாவம் எதுக்கு சார்? சேரிப் பக்கம் நம்ம ஆளு போயி ஒரு கொரலு குடுத்தா வராங்க. வரலைன்னா அடுத்த நாளு தண்ணிக் கெணத்துக்குப் பூட்டுப் போடுவேன். வந்துடறாங்க. இதுல எழுதறதுக்கு இன்னா கீது?”

வேதாசலம் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்தது. “அனுபவ ஞானம். இதைத்தான் நாங்கள் ஊக்குவித்தல் என்கிறோம்” என்றார். அன்றைக்கே வீராசாமியைத் தேர்வுக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதியாகச் சேர்த்துக்கொண்டார்.

சின்னப்பையன் இதையும் ஓட்டை வழியாகக் கேட்டான். யாரிடம் போய் நிற்கக் கூடாது என்று இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தானோ, அந்த ஆள் தன்னைத் தேர்ந்தெடுக்க வருகிறார். அது போதாதென்று, பெரிய மனிதர் ஒருவரிடமிருந்து நற்சான்று வேறு வாங்கி வர வேண்டும் என்று விதி இருந்தது. சின்னப்பையனை அறிந்த பெரிய மனிதர் ஊரில் ஒருவர்தான். வெளியே வந்து வண்டியில் ஏறப் போனவரிடம் போய்க் கைகட்டி நின்றான்.

“ஆண்டே, என்னைப் பத்தி நாலு வார்த்தை சொல்லணும்.”

வீராசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. நல்ல காற்று வாங்கியிருந்தார். வேதாசலத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இவன் நம்ம வூட்ல இருந்தவன் சார். நல்லவன். அடிச்சாலும் எதிர்த்துப் பேசமாட்டான்.”

வேதாசலம் அதை உடனே குறித்துக்கொண்டார். ‘சுயமாக முடிவெடுக்கும் திறன் போதாது.’

நேர்காணல் அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் வந்தது. மேரி கிறிஸ்தவக் கோயில் உபதேசியாரிடம் ஒரு சட்டை இரவல் வாங்கி வந்தாள். உபதேசியார் கர்த்தரின் கிருபையால் சரீரம் பருத்தவர். அந்தச் சட்டைக்குள் சின்னப்பையன் இருக்கிறானா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு கயிறு இழுத்தால் அழுக்காகிவிடும் என்று அதைத் தாழ்வாரத்து ஆணியில் மாட்டிவிட்டு, கூப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம் என்று படுத்தான்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் வேதாசலமும் வீராசாமியும். பக்கத்தில் தணிகைவேல். முதலில் எல்லப்பனைக் கூப்பிட்டார்கள். அவன் மிடுக்காகப் பதில் சொன்னான். லட்சியம் சொன்னான், திட்டம் சொன்னான். பங்கா ஜோராக ஆடிக்கொண்டிருந்தது. “நீ ரொம்பப் படித்துவிட்டாய். பங்கா இழுத்தால் மனம் வாடிவிடும். மிகு தகுதி” என்று அவனை வேதாசலம் வெளியே அனுப்பினார். அவனும் முகம் வாடித் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தான்.

“சின்னப்பையன்” என்று கூப்பிட்டார் தணிகைவேல்.

சின்னப்பையன் கயிற்றைக் கழற்றினான். சட்டையை மாட்டினான். வாசலில் நின்று, “வரலாங்களா?” என்றான். வந்தான். கைகட்டி நின்றான். எல்லாம் பாடத்தில் சொன்னபடியே.

“உனக்கு இந்த வேலை எதற்கு?”

“இந்த நெலையத்தோட வளர்ச்சிக்கு...” என்று ஆரம்பித்தவனுக்கு அடுத்த வார்த்தை வந்திருக்கும். அதற்குள் வீராசாமி மேல்துண்டால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். வேதாசலத்தின் கழுத்துப்பட்டி நனைந்தது. கூடத்தில் காற்று செத்துக் கிடந்தது. வேதாசலம் தலையை நிமிர்த்தி, அசையாமல் தொங்கிய ஜாலரைப் பார்த்தார்.

“யார் அங்கே? ஏன் நிறுத்தினாய்? இழு” என்று அதட்டினார்.

அந்தக் குரலும் சின்னப்பையனின் காலும் ஒன்றுக்கொன்று பழக்கம். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். பங்கா அசைந்தது. வேதாசலம் காற்றை அனுபவித்துவிட்டு எதிரே பார்த்தார். ஆள் இல்லை.

“மனுதாரர் நேர்காணலின் நடுவில் வெளியேறிவிட்டார். எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். “மறுபடி கூப்பிடுங்கள். நாம் பெருந்தன்மையாக இருப்போம்.”

மறுபடி கூப்பிட்டார்கள். வந்தான். பங்கா நின்றது. அதட்டினார்கள். ஓடினான். இது எத்தனை முறை நடந்ததோ, ஒவ்வொரு முறையும் வேதாசலத்துக்கு அது புதிதாகவே இருந்தது. கடைசியில் வீராசாமிக்குத்தான் பொறுமை போயிற்று.

“இன்னா பேஜாரா போச்சு. அவன் உள்ள வந்தா யாரு சார் இஸ்க்கறது?”

இது ஆழமான கேள்வி என்று வேதாசலம் ஒப்புக்கொண்டார். தணிகைவேலைப் பார்த்தார். தணிகைவேல் கூரையைப் பார்த்தார். “தலைமைக் குமாஸ்தா கயித்தப் புடிச்சாருன்னு தெரிஞ்சா சங்கத்துல கேப்பாங்க சார்” என்றார். எல்லப்பனைக் கேட்டார்கள். அவன் வெளியிலிருந்தபடியே மரியாதையாகச் சொன்னான்: “நான் இன்னும் ஆசைய வுடல சார். இப்ப இழுத்துட்டா எனக்கு அனுபவம் வந்துடும். அனுபவம் இருந்தா கெடுதல்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க.”

சொல்லியிருந்தார். உண்மைதான். படுத்துக்கொண்டு காலால் இழுப்பது போன்ற கெட்ட பழக்கங்கள் அனுபவத்தால் வருவதால், அனுபவம் இல்லாதவனே சிறந்தவன் என்று ஒரு முழுப் பாடமே நடத்தியிருந்தார்.

“அப்படியானால் அவன் வெளியிலிருந்தே பதில் சொல்லட்டும்” என்று தீர்மானித்தார். ஆகவே ஓட்டை வழியாக நேர்காணல் தொடர்ந்தது. சின்னப்பையன் சட்டையை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்து, காலால் இழுத்துக்கொண்டே, மேரி சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தான். பிசகு இல்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. மனத்தில் முதன்முறையாக நம்பிக்கை வந்தது. சாயங்காலம் மேரியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே முடிவு எழுதினார்கள். தணிகைவேல் அதை உரக்கப் படித்துக்காட்டினார். தோற்றம்: பார்க்கக் கிடைக்கவில்லை. நடத்தை: நேர்காணலில் நிலைகொள்ளவில்லை. அனுபவம்: அளவுக்கு மீறி இருக்கிறது. ஆகவே தகுதியான நபர் எவரும் கிடைக்கவில்லை.

வேதாசலம் மேஜையைத் தட்டினார். “இதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன். உத்திரமேரூரில் வேலை இருக்கிறது, ஆள்தான் இல்லை. நம் நிலையம் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பட்டணத்துக்கு எழுதுங்கள். மறுபடி விளம்பரம் செய்து ஆடி மாதம் நேர்காணல் வைப்போம். அதுவரை கௌரவ ஊழியம் தொடரட்டும்.”

ஆடியில் மழை வரும். மழையில் பங்கா எதற்கு? சின்னப்பையன் காலை ஆட்டிக்கொண்டே இதைச் சுற்றிச் சுற்றி யோசித்தான். சித்திரை முழுதும் இழுத்த காற்று, பிரசங்கங்களுக்கும் தூக்கத்துக்கும் போனதுதான் மிச்சம். வீட்டில் இரண்டு பெண்களும் வெறும் நீராகாரம் குடித்துப் படுப்பது நினைவுக்கு வந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் அதிகம் வராத சரக்கு என்பதால், அதை என்ன செய்வது என்று தெரியாமல் சற்று நேரம் வைத்திருந்தான். பிறகு காலை நிறுத்தினான். கட்டைவிரலிலிருந்து கயிற்றைக் கழற்றிச் சுவரில் தொங்கவிட்டான். உள்ளே, “யார் அங்கே?” என்ற அதட்டல் கேட்டது. காலுக்கும் அந்தக் குரலுக்கும் இருந்த பழக்கம் அன்றோடு விட்டுப்போயிற்று. வெயிலில் இறங்கி நடந்தான். கோபத்தில் இரவல் சட்டை ஆணியிலேயே நின்றுவிட்டது.

வழியில், மானாம்பதி செங்கல் சூளையின் மேஸ்திரி செங்கேணி மாட்டு வண்டியில் எதிரே வந்தார். வண்டியை நிறுத்தவில்லை.

“இன்னா சின்னப்பையா, நாளையிலேர்ந்து சூளைக்கு வர்றியா?”

“வரேன் மேஸ்திரி.”

வேலை தேடும் கலையும் ஆள் எடுக்கும் கலையும் அத்தோடு முடிந்துவிட்டன.

ஆனால் அன்று சாயங்காலமே குடிசை வாசலில் குடையோடு வேதாசலம் வந்து நின்றார். பின்னால் தணிகைவேல். வேதாசலம் எழுதச் சொன்ன கடுதாசி போவதற்கு முன்பே பட்டணத்திலிருந்து தந்தி வந்துவிட்டது. நிலையத்தைப் பார்வையிட்டு, வேதாசலத்துக்கு மேல் பதவி கொடுக்கலாமா என்று தீர்மானிக்கப் பெரிய அதிகாரி காலையில் வருகிறார். பெரிய அதிகாரிக்கு வெயில் ஆகாது. ஊரில் பங்கா இழுக்க இன்னொருத்தன் கிடையாது. எல்லப்பன் உள்பட எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

சின்னப்பையன் எழுந்திருக்கப் போனான். மேரி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“இன்னாங்க வோணும்?”

“நாளைக்கு ஒரு நாள் சின்னப்பையன் வர வேண்டும் அம்மா.”

“ஆளு இன்னாத்துக்கு வோணும்னு சொல்லுங்க.”

வேதாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இது என்ன கேள்வி? வேர்க்கிறது.”

“வேர்க்குதுன்னு சொல்லக் கூடாதுங்க” என்றாள் மேரி, முறத்தில் நொய்யைப் புடைத்துக்கொண்டே. “கேக்கறவங்க காதுக்கு நல்லா இருக்காது. வேர்க்கறவங்க அவசரப்படுவாங்க. உங்க லட்சியம் இன்னான்னு சொல்லணும்.”

தணிகைவேலுக்கு இருமல் வந்தது. வேதாசலம் குடையைக் கைமாற்றினார்.

“சரி, அது போவட்டும். உங்களப் பத்தி யாருனா பெரிய மனுஷங்க நாலு வார்த்தை சொல்லுவாங்களா? இந்தச் சேரில கேட்டுப் பாத்தேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

“அம்மா, இதோ பார்...”

“இன்னும் ஒண்ணுதாங்க. முன்னாடி வெச்சிருந்த ஆளு உங்களண்டேர்ந்து ஏன் போனாரு?”

வேதாசலம் தணிகைவேலைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பில் அந்தக் கேள்வியை அவர் பல பேரிடம் கேட்டிருக்கிறார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மேரி நொய்யைத் தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“போயிட்டு வாங்க. ஆடி மாசம் சொல்லி அனுப்பறோம்.”

காலையில் சூளை வண்டி பிடிக்கப் போகிற வழியில், சின்னப்பையன் சட்டைக்காக நிலையத்துக்குப் போனான். உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டிருந்தார். வாசலில் ஒரு மோட்டார் கார் நின்றது. உள்ளே பங்கா ஆடிக்கொண்டிருந்தது, நொண்டி நொண்டி. யார் என்று தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தான்.

வேதாசலம். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டபடி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

“எங்கேயய்யா உங்கள் அதிகாரி? நான் அவரிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும்” என்று உள்ளே ஒரு கனத்த குரல் கேட்டது.

வேதாசலம் கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். “வணக்கம் சார், நான்தான்” என்பதற்குள், “யார் அங்கே? ஏன் நிறுத்தினாய்?” என்றது குரல். வேதாசலம் வெளியே ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார்.

“இப்போது நின்றுகொண்டிருந்தாரே, எங்கே போனார்?” என்றது குரல். “எழுதிக்கொள்ளும். அதிகாரி தம் இடத்தில் நிலைகொள்ளவில்லை.”

“எழுதிட்டேன் சார்” என்றார் தணிகைவேல்.

வேதாசலம் சின்னப்பையனைப் பார்த்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது; வேர்வையாகவும் இருக்கலாம். “கொஞ்ச நேரம் பிடியப்பா. ஒரே கொஞ்ச நேரம். உள்ளே போய் என் பதிலைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.”

சின்னப்பையனுக்கு அந்தச் சிவந்த கையைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கால் தானாக ஒரு எட்டு எடுத்து வைத்தது. பெண்கள் இரண்டும் சுருண்டு படுத்திருந்தது நினைவுக்கு வந்ததும் நின்றுகொண்டான். ஆணியிலிருந்து சட்டையை எடுத்து உதறித் தோளில் போட்டான்.

“எனக்கு அனுபவம் கீதுங்க ஐயா. கெட்ட பழக்கம். நீங்க புதுசு, நல்லா இஸ்ப்பீங்க” என்றான்.

கேட்டைத் தாண்டும்போது உள்ளிருந்து அந்தக் குரல் எரிச்சலோடு கேட்பது காதில் விழுந்தது. “வெளியே இழுக்கிறவன் சுத்த மோசம். இவனை யாரய்யா வேலைக்கு வைத்தது?”

“யாரும் வெக்கல சார்” என்றார் தணிகைவேல். “வெயில் வந்தா வந்துடுவாரு.”